காலி டிரம்முக்கு ஒரு சட்டம்

தூத்துக்குடியில் பழைய இரும்பு டிரம் வேண்டுமென்றால் முத்துக்கனியைத் தேடிப் போக வேண்டியதில்லை. அவளே வருவாள். அவள் வருவதற்கு மூன்று தெருவுக்கு முன்னால் டிரம் உருளும் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கும் முன்னால் அவள் சத்தம் வரும்.

"ஏளா, தூங்குத பிள்ளைய இப்பவே எழுப்பிக்கோ. டிரம்மு வருது! பெறவு முத்துக்கனி எழுப்பிட்டான்னு என்னைய வையாத!"

ஊரில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் வந்தால் இரண்டு நாள் வராது. வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு டிரம் நின்றது. தோணிகளிலும், சங்கு குளிக்கப் போகும் வள்ளங்களிலும் குடிதண்ணீர் டிரம்மில்தான் போனது. அவ்வளவு டிரம்மும் ஆலைகளிலும் குடோன்களிலும் ஏலத்தில் எடுத்தவை. தேங்காய் எண்ணெய் வந்தது, தார் வந்தது, பெயிண்ட் வந்தது, பெயரே வாயில் நுழையாத கெமிக்கல் வந்தது எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். குவியலுக்கு ஒரு விலை. எடுத்தவர்கள் உள்ளே காய்ந்த ஓலையைத் திணித்துக் கொளுத்தி, மணலும் சலவைச் சோடாவும் போட்டு உருட்டிக் கழுவி, தண்ணீர் டிரம் என்று விற்றுவிடுவார்கள்.

முத்துக்கனி பிறந்தது ஆத்தூர்ப் பக்கம், ஆற்றுப் பாசன ஊரில். நாற்று நடத் தெரிந்த கைக்குச் சுத்தியல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் புருஷன் ராமர். கல்யாணமாகி ஏழாம் வருஷம் காமாலையில் அவன் போய்ச் சேர்ந்தான். பதினாறாம் நாள் கழிந்ததும் அண்ணன்மார் வண்டி கட்டிக்கொண்டு வந்து, "கிளம்பு" என்றார்கள். "பட்டறையில நாப்பது டிரம்மு கிடக்கு. அதைக் கழுவிப் போட்டுட்டு வாரேன், நீங்க முன்னால போங்க" என்றாள். அவர்கள் முன்னால் போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அவள் இன்னும் கழுவிக்கொண்டிருந்தாள்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு டிரம்மில் என்ன இருந்தது என்று சந்தேகம் வந்தால் அதை ஆவுடையப்பன் அண்ணாச்சி கடைக்கு உருட்டிக்கொண்டு போக வேண்டும். டிரம் வியாபாரிகளில் மூத்தவர், சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். மூடியைத் திருகித் திறந்து, துவாரத்தில் மூக்கை வைத்து, கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுப்பார். கூடி நிற்பவர்கள் மூச்சுவிட மாட்டார்கள். அப்புறம் ஒரே ஒரு சொல். "எண்ணெய்" என்றால் கழுவி விற்கலாம். "ஆகாது" என்றால் அடித்துத் தகடாக்கிக் கூரைக்குப் போட வேண்டியதுதான். அவர் மூக்குக்கு மேல் அப்பீல் கிடையாது. சம்பந்தம் பேசப் போகும்போதுகூட அவரைக் கூட்டிப் போகலாம் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

எழுபத்து நாலு மாசி மாதம் முத்துக்கனி ஒரு டிரம்மை உருட்டிக்கொண்டு போனாள். எழுத்தெல்லாம் சுரண்டப்பட்டிருந்தது. ஆனால் நல்ல கனம், துரு இல்லை, புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அண்ணாச்சி மோந்து பார்த்தார்.

"எண்ணெய். எடுத்துட்டுப் போ."

அந்த டிரம்மை வாங்கியவன் ஜேசுபாதம், சங்கு குளிக்கிறவன். வள்ளத்தில் வைக்க மேல்பக்கம் வெட்டாத டிரம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினான். முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் வெயிலில் டிரம் கொதித்துக் கிடந்தது. டிரம்மின் உள்மடிப்பில் ஒட்டியிருந்தது எதுவோ இளகித் தண்ணீரில் இறங்கியது. வள்ளத்தில் ஐந்து பேர். நாலு பேர் வாந்தியும் மயக்கமுமாக ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து எழுந்தார்கள். ஜேசுபாதமும் பிழைத்தான். ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை, பார்வை மங்கிப்போனது. கடலடியில் மணலுக்குள் பாதி புதைந்த சங்கைக் கண்டு எடுத்தவனுக்கு, இப்போது வட்டிலில் இருக்கும் மீனில் முள் எது சதை எது என்று தெரியவில்லை.

அவன் பெண்டாட்டி ஹில்டா ஒரு காலையில் பட்டறைக்கு வந்தாள். மண்ணை வாரித் தூற்றப்போகிறாள் என்று நினைத்து முத்துக்கனி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். 'அவள் என்ன சொன்னாலும் வாயைத் திறக்கக் கூடாது' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவள் வாயை மூடுவது என்பது சாமானியக் காரியம் இல்லை.

ஹில்டா தூற்றவில்லை. கழுவிக் கவிழ்த்திருந்த டிரம்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எக்கா, அந்த ஏலத்துல இதே மாதிரி எத்தன டிரம்மு வந்திச்சு?"

"பன்னெண்டு."

"மிச்சம் பதினொண்ணு யாரு வீட்டுல இருக்கு?"

அதை முத்துக்கனி நினைத்தே பார்க்கவில்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அப்போதே தெருவில் இறங்கினாள். ஹில்டாவும் கூடவே நடந்தாள். டிரம்மை விற்கும்போது போட்ட சத்தத்தைவிட இப்போது அதிகமாகப் போட்டாள்.

"ஏளா, எங்கிட்ட வாங்குன டிரம்முத் தண்ணிய யாரும் குடிக்காதிய! கீழ ஊத்துங்க! வேற டிரம்மு தாரேன்!"

நாலு நாளில் ஒன்பது டிரம் திரும்பி வந்தது. ஒவ்வொன்றையும் உளியால் குறுக்கே பிளந்து போட்டாள். இரண்டு டிரம் கிடைக்கவேயில்லை. ஒன்று குலசேகரன்பட்டினத்துக்குப் போனதாகச் சொன்னார்கள். அங்கே போய்த் தேடினால், அங்கிருந்து எங்கேயோ போய்விட்டதாம்.

ஏலம் விட்ட குடோனில் போய்க் கேட்டாள். மேனேஜர் ஃபேனைவிட்டு முகத்தைத் திருப்பாமலே பேசினார்.

"காலி டிரம் வித்தோம். காலியாத்தானே இருந்துச்சு? அதுல நீங்க தண்ணி ஊத்துவீங்களா தயிர் உறைய வைப்பீங்களான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டையா பென்சிலால் காதைக் குடைந்தபடி யோசித்தார். "பூச்சிமருந்து டப்பாவுக்கு டெல்லியில ஏதோ சட்டம் இருக்குங்காவ. இந்த மாதிரி கெமிக்கல் டிரம்முக்கு ஒண்ணும் கிடையாதுளா. செக்‌ஷன் இல்லாம நான் யாரைப் புடிக்க? டிரம்மையா புடிச்சு உள்ள வைக்க?"

"செக்‌ஷன் யாரு போடுவா?"

"அதெல்லாம் மெட்ராஸ்ல. எம்.எல்.ஏ.மாரு."

அவ்வளவுதான். அன்றிலிருந்து முத்துக்கனி எம்.எல்.ஏ.வைத் தவிர வேறு யாரையும் தேடிப் போகவில்லை.

மனுவை எழுதியது ஹில்டா. கான்வென்டில் எட்டு படித்தவள், எழுத்து மணிமணியாக இருக்கும். கேட்டது ஐந்தே சங்கதி. விஷமான கெமிக்கல் அடைத்து வந்த டிரம்மை, காலியானதும், அடைத்த கம்பெனியே தன் செலவில் திருப்பி எடுக்க வேண்டும். எடுத்ததை மறுபடி அதே சரக்குக்கு உபயோகிக்கட்டும், இல்லையென்றால் உருக்கட்டும். நல்ல டிரம்மோடு கலந்து ஏலம் விடக் கூடாது. ஆள் பார்த்ததும் தெரியும்படி அதன் வயிற்றில் அழியாத சிவப்புப் பட்டை போட வேண்டும். மீறினால் தண்டனை.

எம்.எல்.ஏ. ஆபீசில் மனு வாங்குகிறவர் வில்பிரட், நாசரேத்துக்காரர். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. மூன்றில் ஒன்றுதான் எழுதும் என்பது வேறு விஷயம்.

"லுக் ஹியர்ம்மா. பெட்டிஷன்னா அதுக்கு ஒரு ஹெட் இருக்கணும். பட்டா, பென்ஷன், ரேஷன் கார்டு, தெரு லைட்டு. இது எந்த ஹெட்?"

"டிரம்மு."

"டிரம்முன்னு ஒரு ஹெட்டே கிடையாது."

"இல்லாததுனாலதான சார் வந்திருக்கோம். புதுசா ஒண்ணு போடுங்க."

"ஹெட்டெல்லாம் நான் போட முடியாதும்மா."

"பின்ன மூணு பேனா எதுக்கு?"

ஹில்டா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வில்பிரட் எழுதுகிற பேனாவைத் தேடி எடுத்து, 'இதரம்' என்று மேலே எழுதி வாங்கிக்கொண்டார். முத்துக்கனி வாரம் தவறாமல் போய் இதரம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். ஒரு வருஷம் விசாரித்த பிறகு, சட்டசபையின் மனுக்கள் குழுவுக்குப் போய்விட்டதாக ஒரு நம்பர் வந்தது. அந்தத் தாளை ஹில்டா எட்டாக மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

எழுபத்தாறு தை மாதம் சட்டசபையைக் கலைத்துவிட்டார்கள். எமர்ஜென்சி நேரம், எல்லோரும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வில்பிரட்டும் மெதுவாகத்தான் சொன்னார்.

"அசெம்பிளி டிசால்வ்டு. பெட்டிஷன் லாப்ஸ்டு."

"அப்படின்னா?"

"சபையே இல்லம்மா. உங்க மனு செத்துப்போச்சு."

"மனுதான சார் செத்துச்சு? நான் இருக்கேம்லா?"

இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கெமிக்கல் ஏலத்துக்கு அவள் போவதை நிறுத்தியிருந்தாள். தேங்காய் எண்ணெய் செக்குக்காரர்களிடம் நேரே கேட்டு வாங்கிய டிரம் மட்டும் விற்றாள். மாதத்துக்கு நாலைந்துதான் தேறும். முன்பு ஆள் வைத்துக் கழுவிய பட்டறையில் இப்போது அவள் ஒருத்திதான் கழுவினாள். "ராமர் பொண்டாட்டி டிரம்மை வித்தா. இப்ப வாயை மட்டும் விக்கா" என்று மற்ற வியாபாரிகள் சிரித்தார்கள்.

அடுத்த வருஷம் தேர்தல் நடந்து ஆனியில் புது சபை வந்தது. எம்.எல்.ஏ. மாறினார். வில்பிரட் மாறவில்லை. அதே நாற்காலி, அதே மூன்று பேனா. முத்துக்கனியைப் பார்த்ததும், "இதரம்தானே?" என்று அவரே கேட்டார்.

புது எம்.எல்.ஏ. தேவதாசன் பேசுகிறவரை நேராகப் பார்த்துக் கேட்கிற மனுஷன். மனுவை இரண்டு தரம் படித்தார். அப்புறம் மேஜைக்குள்ளிருந்து இன்னொரு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"உங்க மனுவுல நியாயம் இருக்குதும்மா. ஆனா இதைப் பாருங்க. டிரம் வியாபாரிகள் சங்கம். இந்தச் சட்டம் வந்தா முப்பத்தெட்டு குடும்பம் தெருவுக்கு வந்துரும்னு எழுதியிருக்காங்க. நாளைக்கு நான் சபையில எந்திரிச்சுப் பேசுனா, தொழில் பண்றவனே வேண்டாங்கிறான், உனக்கு என்ன வந்துச்சும்பாங்க. அவங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போடட்டும். நான் பேசறேன்."

சங்கத்தின் தாளில் முதல் கையெழுத்து, ஆவுடையப்பன்.

மறுநாள் காலையிலேயே முத்துக்கனி அவர் கடைக்குப் போய் ஒரு டிரம்மைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"வந்துட்டியா? என்ன, எங்க எல்லாரு வயித்துலயும் சிவப்புப் பட்டை அடிக்க வந்தியா?"

"கையெழுத்து வாங்க வந்தேன் அண்ணாச்சி."

"பேனா இல்ல."

"எங்கிட்ட இருக்கு."

"கை வலிக்கு."

"வலி போகட்டும். இருக்கேன்."

ஐந்து நாள் இப்படியே நடந்தது. வந்தவர்களிடமெல்லாம் அவர், "புது டிரம்மு வந்திருக்கு, பேசும், விலைக்கு இல்ல" என்று அவளைக் காட்டிச் சிரித்தார். அவளும் சளைக்கவில்லை. கம்பெனிக்காரன் விஷ டிரம்மைத் திருப்பி எடுக்க வேண்டுமென்றால் அதைச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வேண்டும், அந்தக் கூலி நமக்குத்தானே என்றாள். கலந்து கிடப்பதால்தானே குவியலில் பாதியைத் தகடாக்குகிறோம், பிரித்துக் கொடுத்தால் நல்ல டிரம் முழுசாக மிஞ்சுமே என்றாள். அவர் பதில் ஒன்றே ஒன்றுதான்.

"பிரிச்சுக் குடுக்க சட்டம் எதுக்குளா? இது எதுக்கு இருக்கு?" என்று மூக்கைத் தொட்டுக் காட்டுவார்.

ஆறாம் நாள் மத்தியானம் அவர் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் சாப்பாடு வந்தது. ஆடி பிறந்தும் வெயில் தணியவில்லை. அனுப்பியவர்கள் எப்போது வடித்த சோறோ, மூடியைத் திறந்ததுமே முத்துக்கனிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எட்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தவளுக்கே வந்தது. அண்ணாச்சி குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு கவளம் உருட்டினார்.

"அண்ணாச்சி, சோறு ஊசிப்போச்சு."

"ஊசல, ஊசல. நல்லாத்தான் இருக்கு." கவளத்தை மூக்குப் பக்கம் கொண்டுபோய் வழக்கம்போல் கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுத்தார். "கமகமன்னு இருக்கு."

சொன்ன பிறகுதான் அவளைப் பார்த்தார். அவள் முகம் கேலிக்குச் சொல்கிற முகமாக இல்லை. கவளத்தைச் சட்டியிலேயே போட்டார். கடையில் வேறு யாரும் இல்லை.

"எத்தன வருசமா?" என்றாள் முத்துக்கனி.

அவர் கையைக் கழுவினார். துடைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். செய்வதற்கு வேறு வேலை இல்லாமல் போனது.

"எட்டு வருசம் இருக்கும். முதல்ல பூ வாசம் போச்சு. பெறவு காப்பி. அந்தக் கெமிக்கல மோந்து மோந்து உள்ள வெந்துபோச்சுன்னு திருநவேலி டாக்டரு சொன்னாரு. வெளிய சொன்னா எவன் மதிப்பான்? இத வச்சுத்தானளா நான் தலைவரு."

எட்டு வருசம். முத்துக்கனி கணக்குப் போட வேண்டிய அவசியம் இல்லை.

"அப்ப ஜேசுபாதம் டிரம்மை என்னத்த மோந்து பாத்திய?"

"ஒன் முகத்தத்தான் பாத்தேன்." அவர் குரல் இறங்கிப்போனது. "நல்ல டிரம்மு கிடைச்சிருக்குன்னு சிரிச்சுக்கிட்டே உருட்டிட்டு வந்த. தொழில் தெரிஞ்ச பிள்ளை, சந்தோசமா கொண்டாரா, எண்ணெயாத்தான் இருக்கும்னுட்டேன்."

அவள் முகத்தைப் பார்த்து அவர் சொன்னார். அவர் மூக்கை நம்பி அவள் விற்றாள். நடுவில் ஒருத்தன் கண் போயிற்று. பெருங்குரலெடுத்துக் கத்தத்தான் அவளுக்கு வந்தது. இந்த ஆறு நாளும் போட்ட சத்தத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கத்தினால் புதுத் துறைமுகம் வரை கேட்டிருக்கும். ஆனால் இவரை ஊர்சிரிக்க வைத்தால் கிடைப்பது ஒரு நாள் சிரிப்பு. அவளுக்கு வேண்டியது சட்டம்.

மனுவை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"ஒங்களுக்கு அப்புறம் யாரு மோந்து பாப்பா, அண்ணாச்சி? நானா? எனக்கும் போயிரும். எனக்குப் பெறவு இன்னொருத்தியா? டிரம்முல பட்டை போடச் சொல்லுங்க. எந்த மூக்கும் வேண்டாம். கண்ணு போதும்."

அவர் படிக்கவில்லை, ஏற்கெனவே படித்திருந்தார். கையெழுத்துப் போட்டார். "மத்தவனுவட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றார். அப்புறம், அவள் கேட்காமலே, "எம்.எல்.ஏ.ட்ட நானும் வாரேன்" என்றார்.

எம்.எல்.ஏ. ஆபீசில் முப்பத்தோரு கையெழுத்தைப் பார்த்து வில்பிரட்டுக்கு 'லுக் ஹியர்' வரவில்லை. முத்துக்கனியையும் ஹில்டாவையும் அண்ணாச்சியையும் நேரே உள்ளே கூட்டிப் போனார். தேவதாசன் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"வேண்டாம்னு எழுதுனதும் ஆவுடையப்பன். வேணும்னு எழுதுனதும் ஆவுடையப்பன். இதுல எது நீங்க?"

"ரெண்டும் நாந்தான்யா. இது பிந்தினது." அண்ணாச்சி ஹில்டாவின் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே சொன்னார். "இந்தப் பிள்ள புருசன் குடிச்ச டிரம்மை நல்ல டிரம்முன்னு சொன்னவன் நான். எனக்கு வாசனை கிடையாது. எட்டு வருசமா கிடையாது. எத்தன டிரம்மை அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியாது. சபையில எம்பேரச் சொல்லியே பேசுங்க."

ஹில்டா சுவரைப் பார்த்தபடி நின்றாள். "அவருக்குக் கை நடுக்கம் நிக்கல. அதையும் எழுதிக்கிடுங்க சார்" என்று வில்பிரட்டிடம் சொன்னாள். அண்ணாச்சியிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறமும் ரொம்ப நாள் பேசவில்லை.

தேவதாசன் சொன்ன சொல் தவறவில்லை. அந்தக் கூட்டத்தொடரிலேயே எழுந்து பேசினார். அரசு ஆராயும் என்று பதில் வந்தது. பேப்பரில் இரண்டு வரி போட்டிருந்தார்கள், சினிமா விளம்பரத்துக்கு அடியில். வில்பிரட் அதை வெட்டி ஒட்டி வைத்திருந்து பெருமையாகக் காட்டினார்.

"ஆராயும்னா எப்ப சார்?"

"தேதி எல்லாம் சொல்ல மாட்டாங்கம்மா. ஒரு மெம்பர் பேசுனா ஆராயும், அவ்வளவுதான்."

"பத்து பேரு பேசுனா?"

"பத்து பேரு பேசுனா டிஸ்கஷன் வரும்."

"அம்பது பேரு?"

வில்பிரட் கண்ணாடியைக் கழற்றினார். "பில்லே வரலாம். பட் அம்பது மெம்பரை யாரும்மா போய்ப் பாக்கது?"

மனுவுக்கு ஐம்பது நகல் டைப் அடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள் முத்துக்கனி.

அடுத்த திங்கட்கிழமை முத்துக்கனியும் ஹில்டாவும் திருச்செந்தூர் பஸ் ஏறினார்கள். ஜன்னல் பக்கம் ஹில்டா, நடுவில் முத்துக்கனி, அந்தப் பக்கம் மடியில் குடையோடு ஆவுடையப்பன். ஆறுமுகனேரி வரை ஹில்டா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். முத்துக்கனி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பேசிக்கொண்டு வந்தாள். கண்டக்டர், "அக்கா, எனக்கும் கொஞ்சம் பேச இடம் விடுங்க, ஸ்டாப்பு பேர் சொல்லணும்" என்றான்.

திருச்செந்தூர் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நின்றவர் மூவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயா கல்யாண வீட்டுக்குப் போயிருக்காவ. வர சாயங்காலம் ஆகும்."

"சாயங்காலந்தான?" என்று முத்துக்கனி வேப்ப நிழலில் கிடந்த பெஞ்சியைத் துண்டால் தட்டினாள். "அண்ணாச்சி, நீங்க அந்த ஓரம். ஹில்டா, நீ இங்கன உக்காரு. நாங்க இருக்கோம்யா."